கூடக் கூடாது

எங்கள் கடற்கரைக்குப் போகிற வழியில் ஓர் இங்கிலீஷ் போர்டு வந்து நின்றபோது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கேரள எல்லையோரம் பூவாறுக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் காயலுமாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ் பேசுவோம், மாதா கோயிலில் மலையாளத்தில் ஜெபிப்போம், சண்டை வந்தால் இரண்டையும் கலந்துகொள்வோம். இங்கிலீஷ் மட்டும் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அது பள்ளிக்கூடத்தில் இருந்தது. மணி அடித்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு. அதன் ஓரமாக ஒரு மண்பாதை. வள்ளங்கள் கரைசேருகிற நேரத்தில் பெண்கள் அலுமினியச் சருவங்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதை வழியாகப் போவார்கள். பாதை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் தென்னை நிழலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மீன் ஏலம் அங்கேதான் நடக்கும். ஏலம் எடுத்த சாளையும் அயிலையும் அந்தப் பாதை வழியாகத்தான் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் போகும். பாதை இல்லையென்றால் காயலைச் சுற்றிப் போக வேண்டும். அதற்குள் மீன் நாறிவிடும்.

என் மாமியும் மீன்காரிதான். மாமி என்றால் அப்பாவின் அக்கா. அவள் சிரித்தால் காயலுக்கு அக்கரையில் கேட்கும் என்று அப்பா சொல்வார். சிரிக்காமல் இருந்தால் ஊரே கொஞ்சம் ஒதுங்கி நடக்கும்.

தோப்பை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி ரிசார்ட் கட்டினார். முதலில் யாரும் கவலைப்படவில்லை. கல் சுமக்கிற வேலை சிலருக்குக் கிடைத்தது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வாட்ச்மேன் ஆனார். அவர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்து சும்மா இருந்தவர். அங்கே வெயிலில் வேலை செய்தார் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் தாடையைச் சொறிந்துகொண்டு நிற்கிற மனிதர். நீலச் சட்டையும் தொப்பியும் விசிலும் கொடுத்து அவரைப் பாதையின் முனையில் நிறுத்தினார்கள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் நாற்காலி போட்டுச் சாய்ந்து கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மீன்காரிகள் உட்கார்ந்திருப்பது ரிசார்ட்டுக்குப் பிடிக்கவில்லை. மீன் நாற்றம், பேச்சு, ஏலம் கூவுகிற சத்தம் எதுவும் பிடிக்கவில்லை. பாதையின் குறுக்கே இரண்டு இரும்புத் தூண்களை நட்டு ஒரு கேட்டை மாட்டினார்கள். கேட்டைச் சாத்த முடியாதபடி பெண்கள் தூண்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி வந்து உட்காருவாள். எல்லோரும் எழுந்து போனால் பூட்டு விழும் என்று மாமி சொல்லியிருந்தாள். அதற்குப் பதிலாகத்தான் போர்டு வந்தது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமி என் கையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதுல என்னத்த எழுதியிருக்கு, மக்கா?"

"நோ கேதரிங்" என்று வாசித்தேன்.

"அப்பிடின்னா?"

எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் இங்கிலீஷ் டீச்சர் அதை நடத்தியிருந்தார். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் சேர்ப்பதற்கான சொற்கள். பூவைப் பறித்துச் சேர்த்தால் கேதர். தபால்தலை சேர்த்தால் கலெக்ட். பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றால் அசெம்பிள். பட்டாளக்காரர்களானால் மஸ்டர், மாடுகளானால் ரவுண்ட் அப். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவற்றின் எதிர்ச்சொற்கள். ஸ்கேட்டர், செப்பரேட், டிஸ்பர்ஸ். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது, நமக்கு எல்லாவற்றுக்கும் கூட்டு என்ற ஒன்றுதான் என்று டீச்சர் வருத்தப்பட்டார். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். ஆளைக் கூட்டுவது, கணக்கைக் கூட்டுவது, முற்றத்தைக் கூட்டுவது, எழுத்தைக் கூட்டுவது. டீச்சர் சொன்னது சரிதான். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

"பூ பறிச்சு சேக்கப் பாடில்லன்னு போட்டிருக்கு, மாமி."

மாமி சுற்றிலும் பார்த்தாள். தென்னை மட்டையும் மணலும் கிழிந்த வலையும் கிடந்தன.

"நாம பூ பறிக்க வந்தவளுவளா? அது வேற யாருக்கோ எழுதுனதாக்கும். எல்லாரும் இரிங்க."

எல்லோரும் இருந்தார்கள்.

ரிசார்ட் மேனேஜர் வாரத்துக்கு ஒருமுறை காரில் வருகிறவர். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை. அவர் வந்து பார்த்தபோது பெண்கள் போர்டின் காலிலேயே சாய்ந்துகொண்டு நெத்தோலி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாமா வெள்ளைப் பெயிண்டும் பிரஷுமாக வந்து, முதல் வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். நோ அசெம்பிளிங்.

"அது எங்க பள்ளிக்கூடத்துல தினமும் காலத்த உள்ளது, மாமி. வெயில்ல வரிசையா நின்னு பிரார்த்தன பாடுவோமே."

"நாம நிக்கவே இல்லியே" என்றாள் மாமி. "எவளாவது நிக்கியாளா? நிக்கியவ இரிங்க. வரிசையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம்."

மூன்றாவதாக நோ கலெக்டிங் வந்தது. திருவிழாவுக்கு வீடு வீடாகப் பிரிவு என்று காசு வசூலிக்கிற வேலையை நம் ஊரில் ஆண்கள்தான் செய்கிறார்கள், அவர்களிடம் போய்ச் சொல்லட்டும் என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்று அவள் சிரித்த சிரிப்பில் வெள்ளைக்காரர் ஒருவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன. அதுவரை வீட்டில் என்னை மீன் கழுவவும் தண்ணீர் பிடிக்கவும்தான் கூப்பிடுவார்கள். இப்போது மாலையில் நான் வரும்வரை பெரிய பெண்கள் காத்திருந்தார்கள். நான் சொல்வதை மாமி அப்படியே நம்புகிறாள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்லப் பழகினேன்.

மாமாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவர் உட்கார்ந்தால் நான் எழுந்துவிடுவேன். கடையிலிருந்து எனக்கு வாங்கி வருகிற தேன்மிட்டாயை அவர் முன்னாலேயே தம்பிக்குக் கொடுத்துவிடுவேன். மாமி அவரைக் கேட்டுக்காரன் என்றுதான் சொல்வாள், அதையும் அவர் காதுபடச் சொல்வாள். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி வந்து, "கொஞ்சம் தள்ளி மாறி இருந்தா கொள்ளாம், அக்கா. எனக்க வேலைய போக்காதீங்க" என்றார்.

"எனக்க வழிய நீ அடைக்கும்போ உனக்க வேலைய நான் எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டாள் மாமி.

அவர் கேட்டுப் பக்கமே திரும்பிப் போனார். வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடைகூட மாற்றவில்லை, மாமா வந்தார். வழக்கமாக வாசலில் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அன்று கையில் வைத்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தார். அம்மா கட்டன்சாயாவை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

"மக்கா, இங்கிலீஷ்ல ஒரு வார்த்த வேணும்."

நான் பேசக்கூடாது என்று இருந்தேன். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"எதுக்கு?"

"போர்டுக்கு" என்றார், ஒளிக்காமல். "மேனேஜர் ஃபோன் பண்ணுனாரு. நாளைக்கு காலத்த போலீசக் கூட்டிட்டு வாறாராம். அதுக்குள்ள, ஆளு கூடுறதுக்கு வேற என்ன வார்த்த உண்டோ அதயும் எழுதி வச்சிரு, ஒரு வழியும் விடாதன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. எனக்கு என்ன தெரியும்? நீ படிக்கிய பிள்ளயில்லியா."

எனக்கு ஆத்திரத்தில் காது சூடானது. எங்களை விரட்டுவதற்கு என்னிடமே வந்து சொல் கேட்கிறார். மஸ்டர் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லி எழுந்தும் போயிருக்கலாம். நான் டீச்சர் போட்ட கோட்டை நினைத்தேன். கோட்டின் அந்தப் பக்கம் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"டிஸ்பர்ஸிங்" என்றேன்.

"அது பெரிய வார்த்தயா?"

"எல்லாத்துலயும் பெரிசு."

"எழுத்துக் கூட்டிச் சொல்லு."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் சாயா கிளாசின் அடியிலிருந்த ஈரத்தைத் தொட்டுத் தரையில் விரலால் எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து ஒன்றொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இது ஆளு கூடுறதுக்கு உள்ளதுதானே?"

"ஆமா."

"உறப்பா?"

"உறப்பு" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து. கண்ணை விலக்கினால் பிடிபட்டுவிடுவேன் என்று தோன்றியது.

அவர் தாடையைச் சொறிந்தார். சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அம்மாவின் குரல் ஒருமுறை உயர்ந்ததும் பிறகு தணிந்ததும் கேட்டது. மாமா காசு கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்கு ஓடினேன். போர்டில் நான்காவது வரி வந்திருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. மேலே இருந்த மூன்று வரிகளை விடவும் கொஞ்சம் பெரிதாக, நூல் பிடித்தது போல நேராக. நோ டிஸ்பர்ஸிங். மாமா கேட்டின் பக்கத்தில் நீலச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். சட்டை அன்று நன்றாகத் தேய்த்திருந்தது. நான் அவரைத் தாண்டிப் போய் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஊரில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சந்தைக்குப் போகாமல் மாமி தடுத்து வைத்திருந்தாள். வள்ளங்கள் வந்துவிட்டதால் ஆண்களும் கொஞ்சம் தள்ளி மணலில் நின்றார்கள். ஜீப் வந்தது. எஸ்.ஐ. ஒருவரும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். பின்னாலேயே காரில் மேனேஜர். எஸ்.ஐ. வயதானவர். சனிக்கிழமை காலையில் இங்கே வர வேண்டியிருந்ததே என்ற அலுப்பு அவர் நடையிலேயே தெரிந்தது. பெண்களைப் பார்த்தார். சருவங்களைப் பார்த்தார். மூக்கைச் சுளிக்கவில்லை, அதை நான் கவனித்தேன்.

"எல்லாரும் பிரிஞ்சு போகணும்" என்றார். "இது பிரைவற்று வழியாணு. கேஸ் எடுக்கும். டிஸ்பர்ஸ். வேகம்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்தே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போர்டின் கடைசி வரியில் இருப்பதும் அதே சொல்தான் என்று மாமியின் காதில் சொன்னேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு போர்டைப் பார்த்தாள். எழுந்திருக்காமல், மடியில் கையை வைத்தபடி, மரியாதையாகச் சொன்னாள்.

"அது பாடில்லன்னு எழுதி வச்சிருக்கே, சாரே."

"எது?"

"இப்போ சார் சொன்னது. டிஸ்பர்ஸ். அது செய்யப் பாடில்லன்னு இவங்களுக்க போர்டுலயே உண்டு. நாங்க போர்டுக்கு விரோதமா ஒண்ணும் செய்யமாட்டோம்."

எஸ்.ஐ. போர்டின் பக்கத்தில் போனார். கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். கூடக் கூடாது, வரிசையாகக் கூடக் கூடாது, சேர்க்கக் கூடாது, கலைந்தும் போகக் கூடாது. மறுபடியும் வாசித்தார். போலீஸ்காரர்களில் ஒருவர் இருமுவது போலக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணலில் நின்ற பையன்களில் ஒருவன் ஃபோனை நீட்டிப் போர்டைப் படம் எடுத்தான். என்ன விஷயம் என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டு, புரிந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு வள்ளங்கள் வரை போனது.

எஸ்.ஐ.க்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கள் மேல் இல்லை. இந்த வழி பஞ்சாயத்து வழியா, தோப்போடு சேர்ந்த வழியா, அதற்குக் காகிதம் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டார். அதெல்லாம் ஆபீசில் இருக்கிறது என்றார் மேனேஜர். அப்படியானால் அதைக் கொண்டுவந்த பிறகு தன்னைக் கூப்பிட்டால் போதும், ஆளைக் கோமாளி ஆக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எஸ்.ஐ. ஜீப்பில் ஏறினார்.

மேனேஜர் மாமாவைப் பார்த்துத் திரும்பினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"யார் உன்கிட்ட இத எழுதச் சொன்னது?"

மாமா தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"யாரும் சொல்லல்ல, சாரே. நானாக்கும் எழுதுனது. எனக்கு இங்கிலீஷ் அறிஞ்சூடா."

இங்கிலீஷ் தெரியாது என்று அவர் சொன்னதும் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. மேனேஜர் அங்கேயே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மாமா விசிலைக் கழுத்திலிருந்து எடுத்துத் தொப்பிக்குள் போட்டு, தொப்பியைக் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டு, பெண்களுக்கு நடுவில் வழி கேட்டு, பாதை வழியாக ஊருக்குள் நடந்து போனார். மாமி மட்டும் சிரிக்காமல் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாண்டும்போது தன் சருவத்தை இழுத்து இடம் விட்டாள்.

ஒரு போர்டால் வழி திறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் பெண்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். மழையில் பனையோலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பையன் எடுத்த படம் ஊர் ஊராகப் போனது, பங்குச் சாமியாரும் பஞ்சாயத்து மெம்பரும் வந்தார்கள். மேனேஜரின் காகிதம் கடைசி வரை வரவில்லை. ஒருநாள் கேட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அவற்றில் வலை காய்கிறது. ரிசார்ட்டும் இருக்கிறது, மீன்காரிகளும் இருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் ஏலத்தைப் படம் எடுக்கிறார்கள்.

மாமாவுக்கு அக்கம்பக்கத்தில் வேறு வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் அப்பாவோடு கடலுக்குப் போனார். வாந்தி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு மறுபடியும் கல்ஃபுக்கே போனார். நானோ அந்த வருடம் முழுவதும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ரிசார்ட்டையும் போலீசையும் நான் ஜெயித்தேன், மக்கு வாட்ச்மேன் ஒருவரை ஏமாற்றி ஜெயித்தேன். நான் கொடுத்தது எதிர்ச்சொல் என்பதைப் பின்னால் மாமியிடம் ஒப்பித்துக் காட்டியபோது அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

நான் கல்லூரியில் இங்கிலீஷ் எடுத்துப் படிக்கச் சேர்ந்த வருடம், விடுமுறைக்கு வந்திருந்தபோது, இந்தக் கதையை அம்மாவிடம் மறுபடியும் சொல்லிச் சிரித்தேன். அம்மா அயிலையை அறுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"உனக்க மாமனுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஆரு சொன்னா?" என்றாள். "அவன் ஷார்ஜால வருசக்கணக்கா நின்னது போர்டு எழுதுற கம்பெனியிலயாக்கும். அங்க போகாத, இங்க நிக்காத, கூட்டம் கூடாதன்னு நாள் முழுக்க அதுதான் எழுத்து. நீ அவன்கிட்ட மிண்டாம இருந்தியே, உனக்கு பேச்சு குடுக்கத்தான் அன்னைக்கு வார்த்த கேட்டான். நீ வார்த்த சொல்லிக் குடுத்த உடனே அடுக்களைல வந்து நின்னு சிரிச்சான். அக்கா, உனக்க மொவ எனக்குக் கலைஞ்சு போறதுக்கு உள்ள வார்த்தய தந்துட்டா, நான் அதத்தான் எழுதப் போறேன்னு சொன்னான். வேல போயிருமேடான்னு நான் கெஞ்சினேன். போனா போட்டும், இந்தக் கேட்டுல நின்னு நின்னு எனக்கு மடுத்துப் போச்சுன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொல்லாதன்னு சொன்னான். அவளாவது ஜெயிச்சதா இருக்கட்டும்னான்."

அம்மா மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மேனேஜர் முன்னால் அவர் நின்ற நிலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதுகு நேராக, குரல் தெளிவாக, அத்தனை பேர் கேட்கும்படி எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னார். நான் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கைகொட்டிச் சிரித்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த பொய்கள் எல்லாம், நான் சொன்னது உட்பட, பயந்து சொல்லப்பட்டவை. சம்பளம் கொடுக்கிறவரின் கண்ணை நேராகப் பார்த்து, பயமே இல்லாமல், ஒரு மனிதர் பொய் சொல்லக்கூடும் என்று பதினொரு வயதில் எனக்குத் தெரியாது.